கார் ஜன்னலில் நீண்ட கை

அந்தக் கவரை மட்டும் மடக்கிவிடாதீர்கள் அம்மா. சும்மா பிடித்துக்கொண்டால் போதும். இந்த வளைவில் டிரைவர் எப்போதும் ஒரு திருப்பு திருப்புவார், மடியில் இருப்பதெல்லாம் கீழே போய்விடும். பார்த்தீர்களா, சொன்னேனே. இல்லை, நீங்களே வைத்திருங்கள். ஜன்னலோரம், கசங்காது. உள்ளே இருப்பது பிஷப் ஐயா கைக்குப் போக வேண்டிய மனு. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது தடவைதான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். என் எழுத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் பிள்ளைகள் எழுதப் பழகும். இப்போது கை நிற்கமாட்டேன் என்கிறது.

நீங்கள் எதுவரைக்கும்? நானும் டவுன்தான். இறங்கினதும் ஆட்டோ பிடித்து நேரே பிஷப் பங்களா. பன்னிரண்டு மணிக்கு மேல் பார்க்க மாட்டார்களாம். போன வாரமே வந்திருக்க வேண்டும். போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். "மனு கொடுங்கம்மா, பாப்போம்" என்கிறார்கள். பார்ப்பதற்கு நாளில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

என் வீட்டுக்காரரைத்தான். தொண்டையில் கட்டி. ஜூலையில் கண்டுபிடித்தார்கள். சாப்பாடு இறங்குகிற வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. முதலில் சோறு நின்றது, அப்புறம் இட்லி நின்றது, இப்போது வடிகட்டின கஞ்சி, அதுவும் கரண்டியில். வியாழக்கிழமை வயிற்றில் ஓட்டை போட்டு நேராகக் குழாய் வைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு வாய் வழியாக ஒன்றும் கிடையாது. "ஒண்ணுமேன்னா ஒரு சொட்டுகூடவா?" என்று கேட்டேன். டாக்டர் சின்னப் பையன், என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினான்.

அதனால்தான் பிஷப். நீங்கள் முழிக்கிறீர்கள். டாக்டரைப் பார்க்காமல் பிஷப்பை ஏன் பார்க்கப் போகிறாள் என்று. உங்கள் நெற்றியில் பொட்டைப் பார்த்தேன், எங்கள் முறை தெரிந்திருக்காது. எங்களுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம். பதினாலு, பதினைந்து வயதில் திடப்படுத்தல். அதற்கு வகுப்பு நடக்கும், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கடைசியில் பிஷப் வந்து ஒவ்வொருத்தர் தலையிலும் கை வைத்து ஜெபம் பண்ணுவார். அதற்கு அப்புறம்தான் திருவிருந்து. ஒரு துண்டு அப்பம், வெள்ளிப் பாத்திரத்திலிருந்து ஒரு வாய் திராட்சரசம், ஒவ்வொருத்தர் குடித்ததும் ஐயர் விளிம்பைத் துடைப்பார், அவ்வளவுதான். ஆனால் கை வைக்காதவருக்குக் கொடுக்கக் கூடாது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் ஐயர் பண்ணலாம். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், நீங்கள் வேறே யாரையோ நினைத்துவிடாதீர்கள். திடப்படுத்தலுக்கு மட்டும் பிஷப் கைதான் வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் ஒழுங்கு. மற்ற சபைகளில் எப்படியோ, எங்கள் கோயிலில் அது மாறினதில்லை.

என் வீட்டுக்காரர் பிறப்பால் எங்கள் ஆள் இல்லை. சுடலைமுத்து என்று பேர். பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவர இருந்த பஸ் அடிக்கடி நின்றுபோகும். அதை விடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஞானஸ்நானம் வாங்கினார். சீலாஸ் என்று பேர் வைத்தார்கள். டிப்போவில் கடைசிவரை சுடலைதான். திடப்படுத்தல் வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும். அவருக்கு ஷிப்டு. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. நான் எழுந்து முன்னால் போவேன். அவர் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழி விடுவார். போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முழங்கால்படியிட்டு வாங்கிவிட்டுத் திரும்பி வருவேன். மறுபடி ஒதுக்குவார். முப்பத்தெட்டு வருஷம் அந்த முழங்காலைத் தாண்டியிருக்கிறேன், எனக்கு அது ஒன்றும் தோன்றினதே இல்லை.

ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இதே போல ஒரு பஸ். "சீலி" என்றார். என் பேர் ஜெயசீலி. "ஒரு தடவை உன் பக்கத்துல முட்டுப்போடணும்" என்றார்.

"இத்தனை வருஷமா என்ன பண்ணினீங்க?"

"போல்ட்டு முடுக்கினேன்."

அவர் அப்படித்தான். சிரிக்காமல் சொல்வார்.

அப்போது பிஷப்பே இல்லை. பழைய பிஷப் ஓய்வு பெற்று இரண்டரை வருஷம். அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சி, கோர்ட்டு, தடை. பொறுப்புக்கு ஒருவரைப் போட்டிருந்தார்கள், அவர் கையெழுத்து மட்டும்தான் போடலாம் என்று உத்தரவு. எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் ஐயர் பொறுப்பில் இருக்கிற ஊர்களில் மட்டும் நாற்பத்தொரு பிள்ளைகள் வகுப்பை முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தன. பையன்களுக்கு மீசை வந்துவிட்டது.

இப்போது எங்களுக்கு ஆல்வின் ஐயர். முப்பது வயதிருக்கும், நல்ல பிள்ளை, ஆனால் எதையும் வழுக்கிக்கொண்டே போகிற சுபாவம். ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தார். இவரைப் பார்த்து ஜெபம் பண்ணினார். போகும்போது வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், ஆயத்தமா இருந்து ஆசைப்படுதவங்களுக்குக் கொடுக்கலாம்னு பழைய ஜெப புத்தகத்துலயே இருக்கு. நான் ஒருநா சாயங்காலம் வந்து சாருக்குக் கொடுத்திரட்டுமா?" என்றார்.

நான் முடியாது என்றேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இருந்த ஓர் ஐயர், திடப்படுத்தல் ஆகாமல் எங்கள் ஊருக்கு வந்த ஒரு மருமகளுக்கு ஈஸ்டர் அன்றைக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் முதல் பிரசவத்துக்குப் பயந்துபோயிருந்தாள், அழுதாள் என்று கொடுத்தாராம். நான் கமிட்டிச் செயலாளர். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? பிஷப்புக்கு எழுதிப் போட்டேன். ஒரே வாரத்தில் அவரைக் கடலோரத்தில் ஒரு சேகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படி எழுதினவள், என் வீட்டுக்காரருக்கு என்றதும் கதவைச் சாத்திவிட்டு வாங்கிக்கொடுத்தால் என்னை என்ன சொல்வார்கள்? ஆல்வின் ஐயரிடம் அதைத்தான் சொன்னேன். இவர் உள்ளே கட்டிலில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் செய்தி வந்தது. கேஸ் முடிந்தது, புதுப் பிஷப்பை அறிவித்துவிட்டார்கள். முதல் வெடியைப் போட்டது எங்கள் தங்கத்துரை. கமிட்டியில் அவர் ஒருத்தர், லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். அதுவரை எதிர்க்கட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த ஆள், ராத்திரியோடு ராத்திரியாக பிளக்ஸ் அடித்து, "எங்கள் மேய்ப்பரே வருக" என்று காலையில் கட்டிவிட்டார். நான் உள்ளே ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ஓடினேன். "நவம்பர் ரெண்டாவது ஞாயிறு நம்ம சேகரத்துக்கு வாராங்களாம். திடப்படுத்தலும் அன்னைக்கே" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நவம்பர் வரைக்கும் இறங்கிரும்" என்றார்.

அப்புறம் எங்களுக்குப் படுக்க நேரமில்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது, ரோட்டு முக்கில் வளைவு வைத்தது, பெண்கள் சங்கத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுத்தது, அசன விருந்துக்கு ஆடு சொன்னது, ஒவ்வொன்றிலும் நான் நிற்க வேண்டும். நான் நிற்காவிட்டால் ஒன்றும் நடக்காது. இதற்கு நடுவில் பிள்ளைகளுக்குத் திரும்ப ஒரு தடவை வகுப்பு வைத்தார்கள், இவரையும் அனுப்பினேன். நாற்பத்தொரு பிள்ளைகளோடு பெஞ்சில் நாற்பத்திரண்டாவது ஆள். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்னார். குரல் காற்று மாதிரிதான் வந்தது, பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்டார்களாம். "பொந்தியு பிலாத்து" என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் முட்டும். ஒரு பிள்ளை பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்குமாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை புதிதாக எடுத்தேன். பழைய அளவுக்கே எடுத்துவிட்டேன். போட்டால் உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்தது. தையற்காரனிடம் கொடுத்துப் பிடித்தோம்.

கமிட்டியில் ஒரே ஒரு பேச்சுதான் முட்டிக்கொண்டது. வரவேற்பு ஆராதனைக்கு முன்னாலா, பின்னாலா என்று. ஆல்வின் ஐயர், "முதல்ல ஆராதனையை முடிச்சிருவோம். திடப்படுத்தல், திருவிருந்து எல்லாம் ஆகட்டும். பொறவு ஆற அமர வரவேற்பை வச்சுக்கிடலாம்" என்றார்.

நான்தான் எழுந்தேன். "ஐயரே, ஆராதனை முடிஞ்சா ஒரு ஆள் நிக்காது. எல்லாம் பந்திக்கு ஓடும். பிஷப் முன்னால காலி நாற்காலிக்கா நாம வரவேற்பு வாசிக்க?"

தங்கத்துரை உடனே, "டீச்சர் சொல்லுததுதான் சரி. கறி வாசனை வந்திட்டா நானே நிக்க மாட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு முடிவாகிவிட்டது.

வரவேற்பு மடல் நான் எழுதினது. எங்கள் சேகரத்தின் நூற்றெண்பது வருஷத்துச் சரித்திரம், பதினாறு செய்யுள். முதல் மிஷனரி குதிரையில் வந்தது, காலரா வருஷம், கோபுரத்தில் இடி விழுந்தது, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது, எதையும் விடவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, இந்த அளவு, என் மார்புயரம் இருக்கும். வீட்டில் இவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். பாருங்கள், ஒன்பதே நிமிஷம். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று இப்போது என்னைச் சொல்கிறார்கள்.

நேரமானது யாரால்? கேளுங்கள். எட்டரைக்கு வர வேண்டிய பிஷப் ஒன்பது பத்துக்கு வந்தார். வளைவிலிருந்து கோயில் இருநூறு அடி. அதைக் கடக்க முக்கால் மணி நேரம். ஏன்? தங்கத்துரையின் வெடி. பத்தடிக்கு ஒரு சரம். புகை அடங்கும்வரை பிஷப் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்புறம் பொன்னாடை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. அந்தப் பக்கம் திரும்புங்க, இந்தப் பக்கம் திரும்புங்க என்று அந்த மனுஷனைப் பம்பரம் மாதிரி சுற்றவைத்தார்கள். அப்புறம் நான் பழக்கின பிள்ளைகளின் கோலாட்டம். அது நேரத்துக்குள் முடிந்தது. அதன் பிறகுதான் கோயில் வாசல் மேடையில் என் மடல்.

செய்யுளுக்குச் செய்யுள் பிள்ளைகள் பல்லவி பாடுவதாக ஏற்பாடு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனங்கள் கைதட்டினால் நான் என்ன செய்ய? நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஆறாவது செய்யுளில் ஆல்வின் ஐயர் மேடைக்குக் கீழே வந்து நின்று மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மைக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து வாயோடு சேர்த்துப் பிடித்தேன். பிஷப் ஐயா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது. பதினொன்றாவது செய்யுளில் நிமிர்ந்தபோது வேப்பமரத்தடியில் திடப்படுத்தலுக்கு நிற்கிற வரிசை தெரிந்தது. பிள்ளைகளெல்லாம் வரிசையைக் கலைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் கடைசியில் வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று இந்தக் கையால் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கோயில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது செய்யுளுக்குப் போய்விட்டேன்.

முடித்ததும் பிஷப் எழுந்து, "அம்மா, சரித்திரத்தையே கண் முன்னால கொண்டுவந்துட்டீங்க" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. அப்போதே அவருடைய செயலாளர் பின்னால் குனிந்து காதில் என்னவோ சொல்கிறார். மணி பதினொன்றரை. அடுத்த சேகரத்தில் பள்ளிக்கூடக் கட்டிடம் திறப்பு, பன்னிரண்டுக்கு மந்திரி வருகிறாராம். மந்திரி காத்திருக்க மாட்டாராம்.

பிஷப் கோயிலுக்குள் வந்தார். பத்து நிமிஷம். ஒரு ஜெபம், ஒரு சின்னச் செய்தி, ஆசீர்வாதம். திருவிருந்துக்கு மேஜையெல்லாம் விரித்து, அப்பமும் ரசமும் எடுத்து வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. அது அப்படியே இருக்கிறது. "திடப்படுத்தல் ஆராதனை ஜனவரி மாதம் தாய்க்கோயிலில் எல்லாச் சேகரத்துக்கும் சேர்த்து நடைபெறும்" என்று செயலாளர் வாசித்தார். பிள்ளைகளுக்கு என்ன, ஜனவரி வரும். தாய்மார்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான்.

பிஷப் புறப்பட்டுவிட்டார். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். கூட்டம். செயலாளர் மறித்தார். "அம்மா, எதுவானாலும் மனுவா கொடுங்க." நான் கத்தினேனா அழுதேனா தெரியவில்லை. "ஐயா, இவருக்கு ஜனவரி கிடையாது" என்று சொன்னேன். அது மட்டும் நினைவிருக்கிறது. பிஷப் கண்ணாடியை இறக்கினார். நல்ல மனுஷன் அம்மா, நான் குறை சொல்ல மாட்டேன். "ஐயா பேர் என்ன?" என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பிஷப் ஜன்னல் வழியே கையை நீட்டினார். இவர் குனிந்தார். தலையில் கை வைத்து, "கர்த்தர் உங்களைக் காப்பாராக" என்றார். வண்டி நகர்ந்தது. கை அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

ஆல்வின் ஐயர் பக்கத்தில்தான் நின்றார். என் தோளைத் தொடுகிற மாதிரி வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், பிஷப் கை வச்சிட்டாங்க. எனக்கு அது போதும். உள்ள எல்லாம் ஆயத்தமா இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் வாங்க."

"என்ன போதும்? வார்த்தை சொன்னாங்களா? திடப்படுத்தல் ஜெபம் ஒரு வரி சொன்னாங்களா?"

"சொல்லலைதான்."

"ரெஜிஸ்டர்ல என்ன எழுதுவீங்க? கார் ஜன்னல்ல நடந்ததுன்னு எழுதுவீங்களா?"

"எழுதாமலே இருந்திரலாம் டீச்சர்."

பார்த்தீர்களா பேச்சை? இதுதான் வழுக்குகிற சுபாவம் என்கிறது. நாற்பத்தொரு பிள்ளைகளும் நிற்கிறார்கள், அவர்களுடைய தாய் தகப்பன் நிற்கிறார்கள். டீச்சர் வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம், எங்கள் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? "ஐயரே, நான் கும்பிட்டுக் கேக்கேன், இந்தப் பேச்சை விட்டிருங்க" என்றேன். இவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையில் ஒட்டியிருந்த பூ இதழ் ஒன்றை எடுத்துக் கீழே போட்டார். "விடு சீலி" என்றார். யாரை விடச் சொன்னார், எதை விடச் சொன்னார், தெரியாது.

அந்த நேரம் பார்த்து தங்கத்துரை ஓடிவருகிறார். "டீச்சர், உங்க மடலு மேடையிலயே கெடக்கு! பிஷப் எடுக்காமப் போயிட்டாரு!" அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன், சட்டத்தை நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட்டில் போய்ப் பிடித்துவிட்டோம். கேட் அடைத்திருந்தது. சரக்கு வண்டி போகிறது, போகிறது, முடியவே இல்லை. பிஷப் காரிலிருந்து இறங்கி புளியமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வேலையும் இல்லை. பத்து நிமிஷம் இருக்கும் அம்மா. கூடவே இருக்கும். மடலைக் கொடுத்தேன். வாங்கிப் பின் சீட்டில் வைக்கச் சொன்னார். ஊர் நிலம், மழை எல்லாம் விசாரித்தார். இவர் மட்டும் அப்போது என் பக்கத்தில் இருந்திருந்தால்! ஸ்கூட்டரில் இடம் ஏது? அந்தச் சட்டம் அவ்வளவு பெரிது.

கேட் திறந்தது, கார் போய்விட்டது. அதன் பிறகுதான் எனக்கு அது உறைத்தது. தங்கத்துரையிடம் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அவர் வெடிக்கு ஆன செலவைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதுதான் மனுவில் எழுதியிருக்கிறேன். எங்கே என்றாலும் சரி, பங்களா வாசலில் என்றாலும் சரி, நாளைக்கு ஒரு ஐந்து நிமிஷம். வண்டி வைத்துக் கூட்டிவருகிறேன். வார்த்தையைச் சொல்லிக் கை வைக்கட்டும். ஆல்வின் ஐயர் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்கப் போனேன். பேப்பரை இரண்டு தடவை வாசித்தார். "டீச்சர், இது வேணுமா?" என்றார். வேண்டாமலா இத்தனை பாடு? அப்புறம் போட்டார்.

என்னைக் கேட்டால், இவரே ஒத்துழைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்குக் காலையில் நான் புறப்படுகிறேன், "போவாண்டாம் சீலி, வெயில்ல அலையாத. நீ என் பக்கத்துல இரு" என்கிறார். ஆசைப்பட்டவர் யார்? அவர்தானே? இப்போது அந்தப் பேச்சே எடுப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார். நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பத்து நாளாக அப்படித்தான். அன்றைக்கே அப்படித்தான்.

ரயில்வே கேட்டிலிருந்து திரும்பி வருகிறேன். பந்தி நடக்கிறது, இவரைக் காணவில்லை. கஞ்சித் தூக்கு மரத்தடியில் ஆறிக்கிடக்கிறது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை, திருவிருந்தை வெறும் வயிற்றோடு வாங்க வேண்டும் என்று பிடிவாதம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று அந்தக் கூட்டத்தில் தேடி ஓடுகிறேன். கோயில் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளிக்கொண்டு போனால், கிராதிக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறார். ஆல்வின் ஐயர் இன்னும் அங்கியைக் கழற்றவில்லை. எதிரே நிற்கிறார், கையில் பாத்திரம், எங்கள் திருவிருந்து வெள்ளிப் பாத்திரம். வெள்ளைத் துணியால் அதன் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "தண்ணி குடுக்கதுக்கு வேற டம்ளரா இல்ல ஐயரே?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய கோயிலில் என் சத்தம் திரும்பி வந்தது.

ஐயர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக விட்டு, ஓரமாகத்தான் முழங்கால் போட்டிருந்தார். "தப்புதான் டீச்சர்" என்றார் ஐயர்.

வேறே யாராவது என்றால் கமிட்டியில் வைத்திருப்பேன். நோயாளி, தாகத்துக்குக் கொடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். இவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கஞ்சி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். இவரை நிழலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனேன். கறி பற்றவில்லை என்று இரண்டாவது பந்தியில் சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. அங்கே பந்தியில் நிற்கிறார். செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து குனிந்து, உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தர் டம்ளரிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறார்.